ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சொந்தம்?

நியூயார்க் நகரில் ஞாயிற்றுக்கிழமை காலை.

வானத்தை முட்டும் கட்டிடங்கள் நிறைந்த அந்தப் பட்டணத்தின் நடுவே ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. அதன் பெயர் சென்ட்ரல் பார்க். நீளம் இரண்டரை மைல். அகலம் அரை மைல். பரப்பு 843 ஏக்கர்.

வெயில் ஏறுவதற்குள் அங்கே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. வயதானவர்கள் பெஞ்சில் அமர்ந்து பத்திரிகை படிக்கிறார்கள். இளைஞர்கள் ஓடுகிறார்கள். புல் தரையில் துணி விரித்து, வீட்டிலிருந்து கட்டிவந்த சாப்பாட்டைப் பிரிக்கிறது ஒரு குடும்பம். குழந்தைகள் அணிலைத் துரத்துகிறார்கள்.

வாரம் முழுவதும் உழைத்தவர்களுக்கு அது ஒரு நாள் விடுதலை. யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

பூங்காவின் கிழக்கு ஓரத்தில், ஐந்தாவது அவென்யூ என்னும் பெரிய சாலையைப் பார்த்தபடி, அரண்மனை போல ஒரு கட்டிடம் நிற்கிறது. அதுதான் மெட்ரோபாலிடன் கலைக்கூடம். 5,000 ஆண்டுக் காலத்துச் சிலைகளும் ஓவியங்களும் அங்கே இருக்கின்றன. ஆண்டுக்கு 50 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்து பார்க்கிறார்கள்.

அங்கே நுழைய டிக்கெட் உண்டு. வெளியூரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு ஆள் ஒன்றுக்கு 30 டாலர்.

கலைக்கூடம் நிற்பது பூங்காவின் நிலத்தில். ஆனால் ஒன்றில் நுழையக் காசு வேண்டாம். மற்றொன்றில் நுழையக் காசு வேண்டும். இது சரியா? ஏழை எளியவர்களின் ஓய்வு நேரத்துக்கு வழி செய்வது யார் பொறுப்பு?

நியூயார்க் மக்கள் இந்தக் கேள்வியை இன்று நேற்றல்ல, 150 ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறார்கள்.

பூங்கா பிறந்த கதை

19-ம் நூற்றாண்டில் நியூயார்க் வேகமாக வளர்ந்தது. கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். நெருக்கமான தெருக்கள். காற்று வராத வீடுகள். நோய் பரவியது.

நகரத்துக்குப் பெரிய பூங்கா ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1853-ம் ஆண்டில் சட்டசபை அதற்கு அனுமதி கொடுத்தது.

பூங்காவை எப்படி அமைப்பது என்று போட்டி வைத்தார்கள். ஓல்ம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இருவர் சேர்ந்து கொடுத்த திட்டம் 1858-ல் பரிசு பெற்றது.

அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பூங்காவைக் குறுக்கே கடக்கும் நான்கு சாலைகளையும் பள்ளத்தில் இறக்கிவிட்டார்கள். வண்டிகள் கீழே போகும். மேலே நடப்பவர் கண்ணுக்கு மரமும் புல்லும்தான் தெரியும்.

இன்று அங்கே இருக்கும் ஏரிகள் மனிதர் வெட்டியவை. பாறையை உடைத்து, மண்ணைக் கொட்டி, ஆயிரக்கணக்கான கூலியாட்கள் உழைத்து உண்டாக்கிய பூங்கா அது.

பணக்காரரும் ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் உலாவ வேண்டும் என்பது ஓல்ம்ஸ்டெட்டின் ஆசை.

வீடு இழந்தவர்கள்

ஆனால் அந்த நிலம் சும்மா கிடந்த நிலம் அல்ல. சுமார் 1,600 பேர் அங்கே குடியிருந்தார்கள்.

அவர்களில் ஒரு சாரார் செனெகா கிராமத்து மக்கள். 1825-ல் கறுப்பு இன மக்கள் அங்கே நிலம் வாங்கத் தொடங்கினார்கள். சொந்த வீடு கட்டினார்கள். மூன்று மாதா கோவில்களும் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. பிறகு ஐரிஷ் மக்களும் வந்து சேர்ந்தார்கள். 1855-ல் அங்கே சுமார் 225 பேர் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் நியூயார்க்கில் கறுப்பு இனத்தவர் ஓட்டுப் போட வேண்டுமானால் 250 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஆகவே சொந்த நிலம் என்பது அவர்களுக்கு ஓட்டுரிமையும் ஆகும்.

1857-ல் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். நஷ்டஈடு கொடுக்கப்பட்டது. அது போதாது என்று பலர் முறையிட்டார்கள். கிராமம் மறைந்தது.

நெடுங்காலம் அந்தக் கிராமத்தின் பெயரே மறந்து போயிருந்தது. 2019-ல் பூங்காவில் அதன் கதையைச் சொல்லும் பலகைகள் வைக்கப்பட்டன. 2021-ல் மெட்ரோபாலிடன் கலைக்கூடமும் அந்தக் கிராமத்தை நினைவுகூர ஒரு தனி அறை அமைத்தது.

எல்லோருக்கும் என்று சொல்லிக் கட்டிய பூங்கா, சிலருடைய வீட்டின் மேல் கட்டப்பட்டது. இதையும் சேர்த்துத்தான் அதன் கதையைச் சொல்ல வேண்டும்.

புல்லை மிதிக்காதே!

பூங்கா திறந்த பிறகும் ஏழைகளுக்கு உடனே சுகம் கிடைக்கவில்லை.

கூலி வேலை செய்பவர்கள் நகரின் தென்கோடியில் வசித்தார்கள். பூங்காவுக்கு வருவதென்றால் குதிரை டிராமுக்குக் காசு கொடுக்க வேண்டும். குடும்பத்தோடு வருவதென்றால் செலவு அதிகம்.

வந்தாலும் கட்டுப்பாடுகள் ஏராளம். நினைத்த இடத்தில் புல்லில் உட்காரக் கூடாது. கும்பலாகச் சேர்ந்து சாப்பிடக் கூடாது. சிறுவர்கள் பந்து விளையாட வேண்டுமானால் பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டுக் கொண்டுவர வேண்டும்.

இன்று ஆயிரக்கணக்கானோர் படுத்துப் புரளும் ஒரு புல்வெளியின் பெயர் 'ஆட்டு மேய்ச்சல் வெளி'. 1934 வரை அங்கே செம்மறி ஆடுகள்தான் மேய்ந்தன!

மக்கள் வந்து வந்து, கேட்டுக் கேட்டு, கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

பூட்டிய கதவு

மெட்ரோபாலிடன் கலைக்கூடம் 1870-ல் தொடங்கப்பட்டது. பூங்காவுக்குள் அதன் கட்டிடம் 1880 மார்ச் 30-ந் தேதி திறக்கப்பட்டது. ஜனாதிபதி ஹேஸ் நேரில் வந்திருந்தார்.

கட்டிடம் நகராட்சியின் பணத்தில் கட்டியது. நிலமும் நகராட்சியுடையது. உள்ளே இருந்த கலைப்பொருள்களோ தர்மகர்த்தாக்களின் பொறுப்பில் இருந்தன. அவர்கள் பெரும் செல்வர்கள்.

வாரத்தில் சில நாட்கள் இலவசம். சில நாட்கள் 25 சென்ட் கட்டணம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை!

அந்தக் காலத்துத் தொழிலாளி வாரத்தில் ஆறு நாள் வேலை செய்தான். விடிந்தால் போவான், இருட்டினால் வருவான். அவனுக்கு ஓய்வு ஞாயிறு ஒரு நாள்தான். அந்த ஒரு நாளில் கலைக்கூடத்தின் கதவு பூட்டிக் கிடந்தது.

இலவச நாள் என்று பெயர். வர முடியாத நாளில் இலவசம் கொடுத்து என்ன பயன்?

ஞாயிறு தொழுகைக்கு உரிய நாள். அன்று வேடிக்கை கூடாது என்பது தர்மகர்த்தாக்களில் பலரின் நம்பிக்கை. பணம் கொடுப்பவர்கள் கோபித்துக் கொள்வார்களே என்ற பயமும் இருந்தது. கூட்டம் வந்தால் பொருள்கள் பாழாகும் என்றும் சிலர் சொன்னார்கள்.

தொழிற்சங்கங்கள் விடவில்லை. பத்திரிகைகள் எழுதின. ஆயிரக்கணக்கான பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மக்கள் வரிப்பணத்தில் கட்டிய கட்டிடத்தை மக்களுக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் பூட்டி வைக்கலாமா என்று கேட்டார்கள்.

பத்தாண்டுக்கு மேல் இந்தச் சச்சரவு நடந்தது.

12,000 பேர் வந்தார்கள்

கடைசியில் தர்மகர்த்தாக்கள் இறங்கி வந்தார்கள். 1891 மே 31-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கதவு திறந்தது.

அன்று ஒரு பிற்பகலில் மட்டும் சுமார் 12,000 பேர் வந்தார்கள்!

முதலில் அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். சிலர் கொட்டை உரித்துத் தின்றார்கள். சீட்டி அடித்தார்கள் என்று குறை சொன்னார்கள். ஆனால் அது முதல் சில நாள் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். நாளடைவில் தச்சர்களும் கொல்லர்களும் கடைச் சிப்பந்திகளும் குடும்பத்தோடு வந்து நிதானமாகப் பார்த்துச் சென்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒழுங்காக நடந்து கொள்கிறது என்று கலைக்கூடத்தாரே பிறகு ஒப்புக் கொண்டார்கள்.

ஆனாலும் பழைய மனப்பான்மை உடனே போகவில்லை. 1897-ல், வேலை உடுப்போடு வந்த ஒரு குழாய்த் தொழிலாளியை வெளியே அனுப்பி விட்டார்கள். பத்திரிகைகள் இதைக் கண்டித்தன. கலைக்கூடத்தின் தலைவரோ, செய்தது சரிதான் என்று வாதாடினார்.

ஒருவன் உள்ளே வர நேரம் வேண்டும்; திறந்த கதவு வேண்டும். அது மட்டும் போதாது. 'இது எனக்கும் உரிய இடம்' என்ற துணிச்சலும் அவனுக்கு வர வேண்டும்.

புல்லுக்கு விலை என்ன?

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி. வேலை இழந்தவர்கள் பூங்காவிலேயே குடிசை போட்டார்கள். கலைக்கூடத்துக்குப் பின்புறம், தண்ணீர் வற்ற வைத்த பழைய நீர்த்தேக்கத்தின் பள்ளத்தில் அந்தக் குடிசைகள் இருந்தன. பின்னர் அந்த இடம் 'பெரும் புல்வெளி' ஆயிற்று.

1950-களில் அந்தப் பக்கத்தில் புதிதாக ஒரு வேடிக்கை நடந்தது. ஜோசப் பாப் என்பவர் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பூங்காவில் இலவசமாக நடத்தினார். நாடகக் கொட்டகைக்குப் போக வசதி இல்லாதவர்கள் அங்கே திரண்டார்கள்.

பூங்காக்களின் தலைமை அதிகாரி ராபர்ட் மோசஸ் இதற்குத் தடை போட்டார். கூட்டம் மிதித்துப் புல் தேய்கிறது. அந்தச் செலவுக்காக டிக்கெட் வசூலிக்க வேண்டும் என்றார்.

டிக்கெட் வைக்க மாட்டேன் என்றார் பாப். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 1959-ல் பாப் ஜெயித்தார்!

1962-ல் பூங்காவிலேயே திறந்தவெளி அரங்கம் ஒன்று கட்டப்பட்டது. பழுது பார்த்து 2025-ல் மீண்டும் திறக்கப்பட்ட அந்த அரங்கில் கோடைகால நாடகங்கள் இன்றும் இலவசம்தான்.

பணத்துக்கு எங்கே போவது?

இலவசம் என்று சொல்வது எளிது. செலவை யார் கொடுப்பது?

1970-களில் நியூயார்க் நகராட்சியின் கஜானா காலியாயிற்று. பூங்கா பாழடைந்தது. புல்வெளி புழுதிக்காடு ஆயிற்று. விளக்குகள் உடைந்தன. இருட்டிய பிறகு உள்ளே போக மக்கள் அஞ்சினார்கள்.

1980-ல் சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி என்ற சங்கம் தொடங்கப்பட்டது. நன்கொடை வசூலித்துப் பூங்காவைச் சீர் செய்தது. இன்று பராமரிப்புச் செலவில் பெரும்பகுதியை அந்தச் சங்கமே திரட்டுகிறது. 2012-ல் ஒரே ஒரு செல்வர் 10 கோடி டாலர் கொடுத்தார்.

பூங்கா மறுபடி பச்சையாயிற்று. 2018 ஜூன் முதல் பூங்காவின் உட்சாலைகளில் மோட்டார் வண்டிகளும் ஓடுவதில்லை. பள்ளத்தில் இறக்கிய குறுக்குச் சாலைகளில் மட்டும் போகின்றன.

ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. இந்தப் பூங்காவைச் சுற்றிலும் செல்வர்களின் மாளிகைகள். ஆகவே நன்கொடை குவிகிறது. ஏழைகள் வாழும் பேட்டைகளிலும் பூங்காக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு யார் 10 கோடி கொடுப்பார்கள்? நகராட்சிதான் பார்க்க வேண்டும். நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் பூங்காக்களுக்கு ஒரு சதவீதம் கூடக் கிடைப்பதில்லை என்பது நெடுநாளைய குறை. ஒரு சதவீதம் ஒதுக்குவேன் என்று 2021 தேர்தலில் எரிக் ஆடம்ஸ் வாக்குக் கொடுத்து மேயர் ஆனார். 2025 முடிவில் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. ஒரு சதவீதம் எட்டப்படவில்லை.

30 டாலர்

கலைக்கூடத்திலும் இதே தொல்லைதான்.

1970 முதல் அங்கே ஒரு நல்ல வழக்கம் இருந்தது. எழுதி வைத்திருக்கும் தொகையைத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. விரும்பியதைக் கொடுக்கலாம். கையில் ஒரு சென்ட் இருந்தாலும் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம்.

2018 மார்ச் 1-ந் தேதி இது மாறியது. நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கும், பக்கத்து மாநிலங்களான நியூ ஜெர்சி, கனெக்டிகட் ஆகியவற்றின் மாணவர்களுக்கும் பழைய வழக்கம் நீடித்தது. மற்றப் பெரியவர்களுக்கு 25 டாலர் கட்டாயம் என்றார்கள். 2022 ஜூலையில் அது 30 டாலர் ஆயிற்று. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை.

கலைக்கூடத்தார் ஒரு கணக்குச் சொன்னார்கள். 2004-ல் வந்தவர்களில் 100-க்கு 63 பேர் எழுதியிருந்த முழுத் தொகையைக் கொடுத்தார்கள். பின்னர் அது 17 பேராகக் குறைந்துவிட்டது. நகராட்சி கொடுப்பது செலவில் ஒரு சிறு பங்குதான். எப்படிச் சமாளிப்பது என்று கேட்டார்கள்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. விளக்கு, காவல், பழுது பார்த்தல் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்.

ஆனால் ஒரு குடும்பத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது நியூ ஜெர்சி மாநிலம். தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழும் இடம் அது. கணவன், மனைவி, இரண்டு சிறு குழந்தைகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். கட்டணம் 60 டாலர். நம் பணத்தில் 5,000 ரூபாய்க்கு மேல். ரயில் செலவும் சாப்பாடும் தனி.

வசதி உள்ளவர் கொடுப்பார். கூலிக்காரர் யோசிப்பார். யோசித்துவிட்டுப் பூங்காவோடு திரும்பி விடுவார்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. அதே அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில், பெரிய புல்வெளியின் இரு புறமும் தேசிய மியூசியங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் கட்டணம் இல்லை. மத்திய அரசு பணம் கொடுக்கிறது. பிரிட்டனில் தேசிய மியூசியங்களின் நிரந்தரக் காட்சிகளை 2001 முதல் எல்லோரும் இலவசமாகப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்துக்குச் செலவிடுவது போல இதற்கும் அரசு செலவிடலாம் என்பது அவர்கள் கண்ட வழி.

காசில்லாமல் பார்ப்பது

நியூயார்க்கிலும் காசு இல்லாதவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

கலைக்கூடத்துக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே ஒரு கல்தூண் நிற்கிறது. உயரம் சுமார் 70 அடி. எடை சுமார் 200 டன். எகிப்து மன்னர்கள் 3,400 ஆண்டுகளுக்கு முன் செதுக்கியது. கப்பலில் கொண்டுவந்து 1881-ல் இங்கே நிறுத்தினார்கள். அதைப் பார்க்க டிக்கெட் இல்லை.

கலைக்கூடத்துக்கு உள்ளே எகிப்தின் கற்கோவில் ஒன்று முழுதாக நிற்கிறது. அஸ்வான் அணை கட்டியபோது தண்ணீரில் மூழ்க இருந்த கோவில் அது. கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து, 1978-ல் திறந்து வைத்தார்கள். அந்த மண்டபத்தின் ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடிச் சுவர். உள்ளே இருப்பவருக்குப் பூங்காவின் மரங்கள் தெரியும்.

ஆண்டுக்கு ஒரு நாள், ஜூன் மாதத்தில், ஐந்தாவது அவென்யூவில் ஒரு திருவிழா நடக்கிறது. பல ஆண்டுகளாக நடந்து வரும் வழக்கம் அது. அன்று மாலை வரிசையாகப் பல மியூசியங்களில் அனுமதி இலவசம். தெருவில் மோட்டார் ஓடாது. குழந்தைகள் சாலையிலேயே சாக்குக் கட்டியால் படம் வரைகிறார்கள்.

சோழ நாட்டுப் பார்வதி

மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் தமிழ் நாட்டு விருந்தாளி ஒருத்தியும் இருக்கிறாள். பார்வதி தேவி. பத்தாம் நூற்றாண்டில் சோழ நாட்டுச் சிற்பிகள் வார்த்த செப்புத் திருமேனி. உயரம் இரண்டரை அடிக்கும் குறைவு. ஒரு கையை மடக்கி, ஒரு கையைத் தொங்கவிட்டு, இடுப்பை லேசாக வளைத்து நிற்கிறாள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து வருபவர்கள் அவள் முன் நின்று பார்க்கிறார்கள்.

இது உற்சவத் திருமேனி. அதாவது, திருவிழா நாளில் கோவிலுக்கு வெளியே எழுந்தருளும் திருமேனி. கோவிலுக்குள் வர முடியாத நோயாளிக்கும் கிழவிக்கும் கூலியாளுக்கும், வீட்டு வாசலில் நின்றபடியே காட்சி கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் உற்சவத் திருமேனிகளை வார்த்தார்கள். தெருவில் நின்றவர்களிடம் யாரும் காசு கேட்கவில்லை.

இன்று அவள் நிற்கும் மண்டபத்துக்கு வெளியூர்க்காரர் 30 டாலர் கொடுத்து வர வேண்டியிருக்கிறது.

1891-ல் தொழிலாளர்கள் கேட்டது பெரிய சலுகை அல்ல. தங்களுக்கு ஓய்வு உள்ள நாளில் கதவைத் திற என்றார்கள். அந்தக் கதவு இன்றும் ஞாயிறு தவறாமல் திறக்கிறது. இப்போது புதன்கிழமைதான் விடுமுறை!

ஞாயிற்றுக்கிழமை வழக்கு முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது டிக்கெட் வழக்கு. அதில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. மாலை சாய்ந்ததும் பூங்காவில் துணியை மடித்துக் கொண்டு புறப்படும் குடும்பங்களில் பல, கலைக்கூடத்தின் படிக்கட்டில் சற்று நேரம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, உள்ளே போகாமலே வீடு திரும்புகின்றன.